தூள்வாரியா, ஈருலர் தூய்மிப்பானா? பட்டறைக் கருவிக்கு ஒரு தமிழ்ச்சொல்

அனுப்புநர்: கோத்தகிரி மரவேலைக்காரர்
பொருள்: ஷாப் வேக்குவம், தமிழில் என்ன?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

வீட்டோடு பட்டறை வைத்திருப்பவர்களுக்காகச் சிறு கையேடு ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். கோத்தகிரி, குன்னூர் பக்கம் கார் ஷெட்டின் மூலையில் மேசை போட்டு, சில்வர் ஓக் பலகையில் ஸ்டூலும் அலமாரியும் செய்கிறவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். அவர்களுக்கு வேண்டிய முதல் கருவிகளில் ஒன்று மரத்தூளை இழுக்கும் இயந்திரம். கீழே சக்கரம் வைத்த டிரம், அதன் தலையில் மோட்டார், பக்கவாட்டில் தடித்த குழாய். கடைகளில் ‘வெட் அண்ட் டிரை’ என்கிறார்கள்.

‘தூசி உறிஞ்சி’ என்று எழுதினால், சோபாவுக்கும் தரைவிரிப்புக்கும் வைத்திருக்கும் வீட்டுக் கருவியைத் தூக்கிக்கொண்டு ஷெட்டுக்குப் போய்விடுகிறார்கள். அது அரை மணி நேரத்தில் மூச்சு முட்டி நிற்கிறது. இரண்டையும் வேறுபடுத்தும் சொல் வேண்டும். கூடவே, நல்ல கருவியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விளக்கத் தேவையான துணைச் சொற்களும் வேண்டும். உதவுங்கள்.

*

அனுப்புநர்: சென்னை, ஓய்வுபெற்ற தமிழாசிரியை

கோத்தகிரி நண்பருக்கு,

ஈரத்தையும் உலர்ந்ததையும் ஒருங்கே எடுப்பதால் ‘ஈருலர்’ என்ற அடைமொழி பொருந்தும். வேக்குவத்துக்கு ‘வெற்றிடம்’ என்பது பாடநூல்களில் நிலைத்துவிட்ட சொல். எனவே ‘ஈருலர் வெற்றிடத் தூய்மிப்பான்’ என்று வைக்கலாம். நீளம் கருதி ‘ஈருலர் தூய்மி’ என்று சுருக்கினாலும் பிழையில்லை. ‘ஷாப்’ என்பதைக் கடை என்று மொழிபெயர்த்துவிட வேண்டாம் என்பது மட்டும் என் வேண்டுகோள். இங்கே அது பட்டறை.

*

அனுப்புநர்: குன்னூர்

அம்மாவுக்கு வணக்கம். நீங்கள் தந்த சொல்லில் இலக்கணப் பழுது எதுவும் இல்லை. ஆனால் குன்னூர் மார்க்கெட்டில் ஒரு ஹார்டுவேர் கடைக்காரரிடம் ‘ஈருலர் வெற்றிடத் தூய்மிப்பான்’ கேட்டால், மருந்துக் கடை எதிர்வரிசையில் என்று கை காட்டுவார்.

முதல் தகராறு ‘வெற்றிடம்’. கடல்மட்டத்தில் காற்றழுத்தம் சுமார் 101 கிலோபாஸ்கல். நல்ல பட்டறைக் கருவியின் குழாய் வாயை உள்ளங்கையால் முழுக்க அடைத்தாலும் அது குறைப்பது 20 கிலோபாஸ்கலை ஒட்டித்தான். மீதி எண்பது உள்ளேயே இருக்கிறது. இல்லாத வெற்றிடத்தை ஆங்கிலப் பெயர் சுமக்கிறது என்பதற்காக நாமும் சுமக்க வேண்டியதில்லை.

அடுத்தது ‘தூய்மி’. தரையில் விழுந்ததைக் கூட்ட விளக்குமாறு போதும். இந்தக் கருவியை வாங்குவது, தூள் பிறக்கும் இடத்திலேயே அதைப் பிடிப்பதற்கு. சாண்டரின் (உப்புத்தாள் தேய்க்கும் மின்கருவியின்) வாயில் குழாயைப் பொருத்திவிட்டால், காற்றில் மிதந்து மூக்குக்குள் போகும் நுண்தூளில் பெரும்பகுதி டிரம்முக்குப் போய்விடும். மரத்தூளை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உறுதியான முதல் பிரிவில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் சேர்த்தது. ‘தூய்மை’ என்று பெயர் வைத்தால் இது தீபாவளிக்கு முந்தின வாரத்து வேலை என்று நினைத்துவிடுவார்கள்.

என் முன்மொழிவு: தூள்வாரி. ‘தூர்வாருதல்’ எல்லோருக்கும் தெரிந்த சொல். தென்மாவட்டங்களில் துடைப்பத்துக்கே ‘வாரியல்’ என்று பெயர். தூளும் இழைப்புச் சுருளும் மரச்சில்லும் கலந்து கிடப்பதை உறிஞ்சுவது என்பதைவிட வாருவது என்பதே சரியான வினை. ‘உறிஞ்சி’ வீட்டுக் கருவிக்கே இருக்கட்டும்.

கருவியின் பெயரில் நான் தோற்றாலும் கவலையில்லை. துணைச் சொற்களில்தான் வாங்குகிறவரின் பணம் இருக்கிறது. கடையில் இன்று நடக்கும் உரையாடல் இது: “இழுக்குமா?” “நல்லா இழுக்கும் சார், 1400 வாட்ஸ்.” வாட் என்பது கருவி மின்சாரத்தில் தின்னும் அளவு. எவ்வளவு தூளை எடுக்கும் என்பதற்கு அது சான்று ஆகாது. அமெரிக்கப் பெட்டிகளில் 6 குதிரைத்திறன் என்றுகூடப் போட்டிருக்கும். ஒரு குதிரைத்திறன் 746 வாட். ஆறுக்கு 4476 வாட். நம் வீட்டு 16 ஆம்பியர் பிளக் 230 வோல்ட்டில் தரக்கூடியதே 3680. அமெரிக்க வீட்டுப் பிளக் அதில் பாதியைத்தான் தரும். அந்த ஆறு குதிரைகள் அட்டைப்பெட்டியின் மேல்தான் ஓடுகின்றன.

உண்மையில் கேட்க வேண்டியவை இரண்டு. ஒன்று, நிமிடத்துக்கு எத்தனை கன அடிக் காற்று குழாய் வழியே வருகிறது. மற்றொன்று, குழாயை அடைத்தால் எவ்வளவு வலுவாக இழுக்கிறது. இரண்டாவதைத் தண்ணீரை எத்தனை அங்குலம் மேலே தூக்குகிறது என்று அளப்பார்கள்; 20 கிலோபாஸ்கல் என்பது ஏறக்குறைய 80 அங்குலம். தமிழில் இந்த இரண்டுக்கும் ‘உறிஞ்சுதிறன்’ என்று ஒரே சொல்லைப் போட்டுக் குழப்பி வைத்திருக்கிறோம்.

முதலாவதற்குக் ‘காற்றோட்டம்’ என்றால் ஜன்னல் நினைவுக்கு வரும். ஆனால் பைக்காரா அணைக்கும் பில்லூர் அணைக்கும் ‘நீர்வரத்து வினாடிக்கு இத்தனை கன அடி’ என்று செய்தித்தாளில் நாம் படிக்காத மழைக்காலம் உண்டா? அலகுகூட அதே கன அடிதான். எனவே ‘காற்றுவரத்து’. இரண்டாவதற்குப் பட்டறையில் புழங்கும் சொல்லே போதும்: ‘இழுப்பு’.

வரத்து அதிகமாக இருந்தால் இழைப்புச் சுருள் போன்ற இலேசான, பருத்த குப்பை அடித்துக்கொண்டு வரும். இழுப்பு அதிகமாக இருந்தால் மெல்லிய, நீண்ட குழாய் வழியாகவும், பாதி அடைத்த வடிகட்டி வழியாகவும் கருவி தாக்குப்பிடிக்கும். ஈரச் சேற்றையும் தூக்கும். பெட்டியில் அச்சிட்ட இரண்டு உச்சங்களும் ஒரே நேரத்தில் கிடைக்காது. வரத்து உச்சத்தில் இருக்கும்போது குழாய் திறந்து கிடக்கிறது, இழுப்பு இல்லை. இழுப்பு உச்சத்தில் இருக்கும்போது குழாய் அடைபட்டிருக்கிறது, வரத்து இல்லை.

மலைக்காரர்களுக்கு இதில் தனிக் கணக்கு ஒன்று இருக்கிறது. உதகை கடல்மட்டத்திலிருந்து சுமார் 2240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. விசிறி அதே வேகத்தில் சுற்றினால், அது உண்டாக்கும் அழுத்தம் அடர்த்தியோடு சேர்ந்து குறையும். கன அடிக் கணக்கு மட்டும் அவ்வளவாக மாறாது. மேட்டுப்பாளையத்தில் 80 அங்குலம் தூக்கும் கருவி உதகையில் 65 பக்கம் நின்றுவிடும். இரண்டு சொற்கள் இல்லாமல் இந்த ஒரு விஷயத்தை எப்படிச் சொல்வது? “ஊட்டியில் இழுப்பு குறையும், வரத்து குறையாது.” ஐந்தே சொற்கள். ஆகவே மேலே இருப்பவர்கள் இழுப்பைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்து வாங்க வேண்டும். சாண்டரோடு 27 மில்லிமீட்டர் குழாயைப் பூட்டுகிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

மற்றவற்றில் எனக்குப் பிடிவாதம் இல்லை. மடித்து மடித்து வைத்த காகித வடிகட்டியை ‘மடிப்பு வடிகட்டி’ எனலாம். தண்ணீர் எடுக்கும்போது அதைக் கழற்றிவிட்டுப் போடும் பஞ்சை ‘நுரை உறை’ எனலாம். டிரம் நிறைந்ததும் மேலே வந்து வழியை அடைக்கும் பந்து ‘மிதவை’. மோட்டாரைக் குளிர்விக்கும் காற்றுக்குத் தனிவழி இருந்தால் அதற்கும் ஒரு பெயர் வேண்டும். பல வீட்டுக் கருவிகளில் இழுத்த காற்றேதான் மோட்டாரைக் குளிர்விக்கிறது. பை அடைத்தால் மோட்டார் சூடேறிக் கருகுகிறது. கோத்தகிரி ஐயா சொன்ன ‘மூச்சு முட்டல்’ அதுதான்.

*

அனுப்புநர்: கோவை, பாலிடெக்னிக் ஆசிரியர்

குன்னூர் ஐயாவின் ‘காற்றுவரத்து’ அருமை. வகுப்பில் நாளையே பயன்படுத்துவேன். ‘இழுப்பு’ வேண்டாம். எங்கள் பக்கம் இழுப்பு என்றால் ஆஸ்துமா. “இந்தக் கருவிக்கு இழுப்பு அதிகம்” என்று நான் சொன்னால் பின்வரிசை சிரித்து உருளும். ‘உறிஞ்சழுத்தம்’ என்று பாடநூல் முறையில் வையுங்கள்.

‘தூள்வாரி’யில் தண்ணீர் எங்கே போயிற்று? ஷெட்டுக்குள் மழைநீர் புகுந்தால் எடுப்பதும் இதன் வேலைதானே. அதோடு, துணிப் பையும் 100 மில்லிமீட்டர் குழாயுமாகத் தச்சு ஆலைகளில் நிற்குமே, அந்தப் பெரிய இயந்திரத்தை எப்படி வேறுபடுத்துவீர்கள்? பெருவாரி என்பீர்களோ?

*

அனுப்புநர்: குன்னூர்

கோவை ஐயா,

‘பெருவாரி’யைத் தேர்தல் செய்தி எழுதுபவர்களுக்கே விட்டுவிடுவோம். அந்தப் பெரிய இயந்திரம் இனத்திலேயே வேறு. அது பல நூறு கன அடிக் காற்றைக் கொண்டுவரும். ஆனால் இழுப்பு சில அங்குலங்கள்தான். அதன் வாயில் சாண்டரின் மெல்லிய குழாயைச் செருகினால் ஒன்றும் வராது. பெரிய இழைப்பு இயந்திரம் வாங்குகிற அன்றைக்கு அதைப் பற்றி யோசிக்கலாம். ‘தூள்சேர்ப்பி’ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் பற்றி: தூர்வாருகிறவர்கள் எடுப்பதும் ஈரச் சேற்றைத்தான், ‘வாரு’வுக்கு ஈரம் புதிதில்லை. வேண்டுமானால் ‘ஈருலர் தூள்வாரி’ என்று சென்னை அம்மாவின் அடைமொழியையும் சேர்த்துக்கொள்ளலாம். அந்த அடைமொழி நன்றாகவே இருக்கிறது. எங்கள் ஊருக்குப் பொருத்தமும்கூட. வடகிழக்குப் பருவமழையில், அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, குன்னூரில் உலர்ந்த மரத்தூள் என்று ஒன்று கிடையாது. கற்பூர மரப் பலகையை அறுத்த தூள் ஈரத்தைக் குடித்து, வடிகட்டியின் மடிப்புகளுக்குள் மாவாக அப்பிக்கொள்ளும். அதனால்தான் கையேட்டில் இடைவாளியைப் பற்றி ஒரு பக்கமாவது வேண்டும் என்கிறேன். கருவிக்கும் குழாய்க்கும் நடுவே கூம்பு ஒன்றை வைத்து, காற்றைச் சுழலவிட்டு, கனமான தூளைக் கீழே வாளியில் விழவைக்கும் அமைப்பு அது. வடிகட்டிக்குப் போய்ச் சேருவது மிக நுண்ணிய பகுதி மட்டும். விலை உயர்ந்த தூள்வாரிக்குச் செலவழிப்பதைவிட, நடுத்தரத் தூள்வாரியும் இந்தக் கூம்பும் வாங்குவது மேல். ‘சுழற்பிரிப்பான்’ என்றோ ‘சுழலி’ என்றோ வைக்கலாம்.

மிச்சப் பணத்தை வடிகட்டியில் போடலாம். 0.3 மைக்ரான் துகளில் 99.97 விழுக்காட்டைப் பிடிக்கும் ஹெப்பா வகை கிடைத்தால் நல்லது. சாதாரணத் துணிப்பை, கண்ணுக்குத் தெரியும் தூளைப் பிடித்துவிட்டு, தெரியாத தூளைப் பின்பக்கமாக ஷெட்டுக்குள்ளேயே ஊதிவிடும். இரும்பு தேய்க்கும் கிரைண்டரின் தீப்பொறியை மட்டும் மரத்தூள் இருக்கும் டிரம்முக்குள் விடாதீர்கள். தீப்பிடிக்கும்.

இழுப்பு விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. நெஞ்சில் வரும் இழுப்பும் காற்றுக்காகப் படும் பாடுதானே? மாணவர்கள் சிரித்தால் சொல் மனதில் நிற்கும். ‘உறிஞ்சழுத்தம்’ தேர்வுத் தாளுக்குச் சரி. கடை கல்லாவுக்கு முன்னால் நாக்கு தடுக்கும்.

*

அனுப்புநர்: கோத்தகிரி மரவேலைக்காரர்

எல்லோருக்கும் நன்றி. கையேட்டில் தலைப்பு ‘ஈருலர் தூள்வாரி’. உள்ளே வரும் இடங்களில் வெறும் ‘தூள்வாரி’. காற்றுவரத்து அப்படியே போகிறது. ‘இழுப்பு’க்கு முதல் இடத்தில் மட்டும் ‘இழுப்பு, அதாவது உறிஞ்சழுத்தம்’ என்று எழுதி, பிறகு இழுப்பு என்றே தொடர்கிறேன். கோவை ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும்.

யாரும் சொல்லாத ஒன்றைச் சேர்த்திருக்கிறேன்: 1400 வாட் கருவி 6 ஆம்பியருக்குச் சற்று மேலே இழுக்கும். பழைய எஸ்டேட் வீடுகளின் ஷெட்டுகளில் பெரும்பாலும் 6 ஆம்பியர் பிளக்தான். 16 ஆம்பியர் இணைப்பு போட்ட பிறகே கருவியை வாங்கச் சொல்லியிருக்கிறேன்.

‘சுழற்பிரிப்பான்’, ‘சுழலி’ இரண்டையும் இப்போதைக்குப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் யாராவது ஒன்றைத் தள்ளுங்கள். அச்சகம் அதற்கு மேல் காத்திருக்காது.