கரிசல் மண்ணில் நீச்சல் குளத்துக் குழாய் வேலை: நானே செய்து முடிக்கலாமா?

கரிசல்காட்டான் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். திருமங்கலத்திலிருந்து கள்ளிக்குடி செல்லும் வழியில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் தோட்டமும் அதில் ஒரு சிறிய வீடும் உள்ளன. பம்புசெட் தொட்டியில் குதித்து வளர்ந்தவன் என்பதால், விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகளுக்காக 6 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் ஆழத்தில் கான்கிரீட் குளம் ஒன்றைக் கட்டியிருக்கிறேன். குழாய் வேலைக்கும் முன்பணம் வாங்கிய ஒப்பந்தக்காரர், சுவர் எழும்பியதும் தலைமறைவாகிவிட்டார். சுவரில் ஒரு ஸ்கிம்மர் (மேல்மட்டத் தண்ணீரை இழுக்கும் வாய்), இரண்டு ரிட்டர்ன் (வடிகட்டிய தண்ணீர் திரும்பி வரும் வாய்), ஒரு வேக்குவம் பாயின்ட் (அடி அழுக்கை உறிஞ்சும் குழாயை மாட்டும் வாய்), தரையில் ஒரே ஒரு மெயின் டிரெய்ன் (அடித் தண்ணீரை இழுக்கும் வாய்) ஆகியவற்றை மட்டும் பதித்துவிட்டுப் போயிருக்கிறார்.

தோட்டத்தின் சொட்டுநீர்க் குழாய் முழுவதையும் நானே பதித்தவன் என்ற துணிச்சலில் மீதி வேலையையும் நானே செய்யலாம் என்று நினைக்கிறேன். கையில் இருப்பவை: 400 மி.மீ. விட்டமுள்ள மணல் வடிகட்டி, அதன் தலையில் ஆறு நிலை மல்ட்டிபோர்ட் வால்வு (தண்ணீர் போகும் வழியை மாற்றும் வால்வு), மைத்துனர் கொடுத்த 1.5 எச்.பி. நீச்சல் குளப் பம்பு. குளத்திலிருந்து பம்பு அறை எட்டு மீட்டர் தள்ளி இருக்கிறது. ஸ்கிம்மரையும் மெயின் டிரெய்னையும் மண்ணுக்கு அடியிலேயே ஒரு டீ (மூவழி இணைப்பு) போட்டு இணைத்து, 50 மி.மீ. குழாய் ஒன்றின் வழியாகப் பம்புக்குக் கொண்டுவரலாம் என்று வரைந்து வைத்திருக்கிறேன். பம்பைப் பள்ளத்தில் இறக்கி வைப்பதா, தரை மட்டத்தில் வைப்பதா என்பதிலும் குழப்பம் இருக்கிறது. போர் தண்ணீரின் டி.டி.எஸ். (கரைந்துள்ள உப்புகளின் அளவு) 1800. விவரம் தெரிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பம்புரூம்வாசி

வணக்கம் ஐயா. இருபது ஆண்டுகளுக்கு மேல் நீச்சல் குளப் பராமரிப்பில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் கையால் செய்யக்கூடிய வேலைதான் இது. ஆனால் உங்கள் வரைபடத்தில் மூன்று இடங்களை மாற்றாமல் ஒரு குழாயைக்கூட ஒட்டாதீர்கள்.

முதலாவதும் மிக முக்கியமானதும் அந்த ஒற்றை மெயின் டிரெய்ன். பம்பு இழுக்கும்போது அந்த ஒரே வாயின் மேல் ஒரு குழந்தையின் முதுகோ தலைமுடியோ சிக்கினால், பெரியவர்கள் இரண்டு பேர் சேர்ந்து இழுத்தாலும் பிரிக்க முடியாத அளவுக்கு உறிஞ்சு விசை உண்டாகும். அமெரிக்காவில் 2002ஆம் ஆண்டு ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி இப்படித்தான் உயிரிழந்தாள். 2007இல் அங்கே அவள் பெயரிலேயே சட்டம் வந்தது. தரையில் டிரெய்ன் வைப்பதென்றால் குறைந்தது மூன்றடி இடைவெளியில் இரண்டு வைத்து, இரண்டையும் ஒரே குழாயில் இணைத்து, இரண்டுக்கும் முடி சிக்காத மூடி போட வேண்டும். நீங்கள் இப்போது தளத்தை உடைத்து இரண்டாவதைப் பதித்தால் நீர்க்கசிவைத் தவிர வேறு லாபம் இருக்காது. ஆகவே இருப்பதைப் பம்போடு இணைக்காமல் நிரந்தரமாக அடைத்துவிடுங்கள். உங்கள் அளவுள்ள வீட்டுக் குளத்துக்கு ஸ்கிம்மரும் வேக்குவம் பாயின்டும் போதும். ரிட்டர்ன் வாய்களைச் சற்றுக் கீழ்நோக்கித் திருப்பி வைத்தால் அடித் தண்ணீரும் கலங்கி மேலே வரும். வேக்குவம் பாயின்டும் உறிஞ்சும் வாய்தான் என்பதால், தானாக மூடிக்கொள்ளும் ஸ்பிரிங் மூடி போட்டு, சுத்தம் செய்யாத நேரத்தில் அதன் வால்வை மூடியே வைத்திருங்கள்.

இரண்டாவது, பம்பு. உங்கள் குளத்தின் கொள்ளளவு 6 × 3 × 1.2, அதாவது 21.6 கன மீட்டர், ஏறத்தாழ 21,600 லிட்டர். அவ்வளவு தண்ணீரும் நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்குள் ஒருமுறை வடிகட்டி வழியே வந்து போனால் போதுமானது. 400 மி.மீ. வடிகட்டியின் குறுக்குப் பரப்பு 0.126 சதுர மீட்டர்தான். அதில் மணிக்கு 4 கன மீட்டர் அனுப்பினால் தண்ணீர் பளிங்காக இருக்கும், 6 கன மீட்டர் என்பது உச்ச வரம்பு. 1.5 எச்.பி. பம்பு அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் தள்ளும். அப்போது மணலில் ஓட்டை விழுந்து அழுக்கு அப்படியே குளத்துக்குத் திரும்பும்; பேக்வாஷ் (மணலைக் கழுவத் தண்ணீரை எதிர்த்திசையில் விடுவது) செய்யும்போது மணலும் சேர்ந்து வெளியே போகும். மைத்துனரிடம் நன்றி சொல்லி அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, எட்டுப் பத்து மீட்டர் ஹெட்டில் (பம்பு தண்ணீரைத் தள்ள வேண்டிய உயரக் கணக்கு) மணிக்கு ஐந்தாறு கன மீட்டர் தரும் அரை எச்.பி. பம்பு வாங்குங்கள். கடைக்காரர் எச்.பி.யைத்தான் சொல்வார்; நீங்கள் எந்த ஹெட்டில் எவ்வளவு தண்ணீர் வரும் என்று பெட்டியில் இருக்கும் வரைபடத்தைப் பாருங்கள்.

மூன்றாவது, மண்ணுக்கு அடியில் போடும் டீ. எந்த சக்ஷன் லைனையும் (பம்பு உறிஞ்சும் பக்கத்துக் குழாயையும்) கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இணைக்கக் கூடாது. ஸ்கிம்மருக்கு ஒன்று, வேக்குவத்துக்கு ஒன்று என்று தனித்தனிக் குழாய்களைப் பம்பு அறைவரை கொண்டுவந்து, ஒவ்வொன்றிலும் ஒரு பால் வால்வு வைத்து, அதன் பிறகு இணையுங்கள். நாளைக்கு ஒரு லைன் காற்று வாங்கினால் எது என்று வால்வைத் திருகிக் கண்டுபிடிக்கலாம். இல்லையென்றால் முற்றம் முழுவதையும் தோண்ட வேண்டியிருக்கும். புதிய பம்புக்கு 50 மி.மீ. குழாயில் நீரின் வேகம் நொடிக்கு ஒரு மீட்டர் அளவில்தான் இருக்கும், ஆகவே அது போதும். ஆனால் சக்ஷனுக்கு மட்டும் 63 போட்டால் பம்பு மூச்சு வாங்காமல் ஓடும். பம்பின் வாய்க்கு முன்னால் அரை மீட்டராவது எல்போ இல்லாத நேர்க்குழாய் இருக்கட்டும்.

பம்பைப் பள்ளத்தில் வைத்தால் குளத்து நீர் தானாகவே இறங்கி வந்து பம்பை நிரப்பும் என்பது உண்மை. ஆனால் உங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையில் கரிசல் மண் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் விடாது. பள்ளத்து மோட்டார் ஒரே இரவில் மூழ்கும். தானே நீரிழுக்கும் வகைப் பம்பைத் தரை மட்டத்தில், நான்கு அங்குல மேடை மேல் வையுங்கள்.

நத்தம்ரோட்டுத்தோட்டம்

நான் தொழில்காரன் அல்லன். மூன்று ஆண்டுகளுக்கு முன் இதே வேலையைச் செய்து கையைச் சுட்டுக்கொண்டவன். பம்புரூம்வாசி அண்ணன் சொன்னவற்றோடு ஒரே ஒரு செய்தியைச் சேர்க்கிறேன், ஏனென்றால் சொட்டுநீர்க் குழாய் போட்டவர்கள்தான் இந்தப் பொறியில் விழுவோம்.

விவசாயக் குழாய் 50, 63, 75 என்று வெளிவிட்டம் மி.மீ. கணக்கில் வரும். வீட்டுக் குழாய் அங்குலக் கணக்கு. இரண்டு அங்குலக் குழாயின் வெளிவிட்டம் 60.3 மி.மீ., ஒன்றரை அங்குலத்துக்கு 48.3 மி.மீ. கடையில் எல்லாவற்றையும் "ரெண்டு இஞ்சு" என்றே சொல்வார்கள். என் பம்போடு வந்த யூனியன் (கழற்றி மாட்டும் இணைப்பு) 63. என்னிடம் இருந்தது இரண்டு அங்குலக் குழாய். வந்த பிளம்பர், "கொஞ்சம் லூசாத்தான் இருக்கு, சொல்யூஷனைக் கூடுதலாப் பூசிட்டாச் சரியாயிரும்" என்றார். இரண்டு மாதம் சரியாகத்தான் இருந்தது. பிறகு ரிட்டர்ன் வாயிலிருந்து சோடா பாட்டிலைத் திறந்ததுபோல் குமிழிகள் வரத் தொடங்கின. பம்பின் கூடை மூடிக்குள் எப்போதும் பாதிதான் தண்ணீர் நின்றது. டெலிவரி பக்கம் ஒழுகினால் தரை நனைந்து காட்டிக் கொடுக்கும். சக்ஷன் பக்கம் ஒழுகாது, காற்றைத்தான் குடிக்கும். தரை காய்ந்தே கிடக்கும். மோட்டாரை ஓடவிட்டு ஒவ்வொரு இணைப்பிலும் ஷேவிங் நுரையைப் பூசிக்கொண்டே வந்தேன். அந்த யூனியனில் மட்டும் நுரையில் குண்டூசி அளவு குழி விழுந்து உள்ளே போயிற்று. ஓர் அடிக் குழாயை அறுத்தெறிந்து புதிதாக ஒட்டியதோடு குமிழிகள் நின்றன.

ஆகவே வாங்கும் முன் பம்பு, மல்ட்டிபோர்ட் வால்வு, சுவரில் பதித்த பொருத்துகள் எல்லாவற்றையும் வெர்னியரால் அளந்து எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். மரை உள்ள பிளாஸ்டிக் பொருத்துகளில் சணல் சுற்றி இறுக்காதீர்கள். டெஃப்லான் டேப் சுற்றிக் கையால் முறுக்கி, அதற்கு மேல் அரைச் சுற்றுப் போதும். இறுக்கம் கூடினால் பெண் மரை விரிசல் விடும், அதுவும் இரவில்தான் விடும்.

பள்ளத்தைப் பற்றி அண்ணனோடு எனக்குக் கொஞ்சம் வேறுபாடு உண்டு. எங்கள் பக்கம் செம்மண், வடிகால் இருக்கிறது. என் பம்பு பள்ளத்தில்தான் மூன்று மழைக்காலம் கண்டுவிட்டது. கரிசலுக்கு அவர் சொல்வதே சரி.

பம்புரூம்வாசி

நத்தம் ரோட்டுக்காரர் சொன்னது நூற்றுக்கு நூறு. நான் ஒட்டும் முறையையும் மண்ணையும் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

குழாயை நேராக அறுத்து, உள்விளிம்பில் நிற்கும் பிசிறைக் கத்தியால் சுரண்டி, வெளிவிளிம்பைச் சற்றுச் சரித்துவிடுங்கள். விளிம்பு கூராக இருந்தால் பூசிய சால்வென்ட் சிமென்டை எல்லாம் வழித்துக்கொண்டு போகும். குழாயிலும் சாக்கெட்டிலும் பூசி, கால் சுற்றுத் திருகியபடி அடிவரை தள்ளி, அரை நிமிடம் கையை எடுக்காமல் பிடித்திருங்கள். சித்திரை வெயிலில் பூசிய கையோடு காய்ந்துவிடும் என்பதால் வேலையைக் காலை ஒன்பது மணிக்குள் முடித்துக்கொள்வது நல்லது. ஒரு நாள் முழுக்க ஆறவிட்டு, பம்பையும் வடிகட்டியையும் சேர்க்காமல் குழாய்களை மட்டும் அடைத்து, காற்றை வெளியேற்றித் தண்ணீரால் இரண்டு கிலோ அழுத்தம் ஏற்றி, மறுநாள் அதே நேரத்தில் கேஜைப் பாருங்கள். கம்பிரஸர் வைத்துக் காற்றால் சோதிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், பி.வி.சி. குழாய் காற்றழுத்தத்தில் வெடித்தால் கண்ணாடிச் சில்லுபோல் பறக்கும். சோதனை முடியும்வரை ஒரு கூடை மண்ணும் மூட வேண்டாம்.

கரிசல் மண் மழையில் உப்பும், கோடையில் கை நுழையும் அளவுக்குப் பிளக்கும். அந்த அசைவு குழாயைத் தூக்கி இறக்கும்போது முதலில் ஒடிவது சுவரிலிருந்து குழாய் வெளிவரும் இடம்தான். பள்ளத்தைத் தேவைக்கு மேல் அகலமாக எடுத்து, குழாயின் கீழும் மேலும் பக்கங்களிலும் அரையடி மணல் போட்டு, சுவர் ஓரத்து மணலைத் தண்ணீர் விட்டு நன்றாக அமர்த்துங்கள். தோண்டியெடுத்த கரிசலைக் குழாய் மேல் நேரடியாகத் தள்ள வேண்டாம். பம்பு அறைச் சுவரில் குழாய் நுழையும் இடத்தில் ஓர் அளவு பெரிய குழாய்த் துண்டை உறையாக வைத்துவிட்டால் சுவர் அசைந்தாலும் குழாய் தப்பிக்கும். இன்னொன்று: மழைக்காலத்தில் குளத்தை ஒருபோதும் காலி செய்யாதீர்கள். வெளியே ஊறி நிற்கும் தண்ணீர் வெறுங்குளத்தைப் படகுபோல் மேலே தூக்கிவிடும்.

வடிகட்டிக்கு ஆற்று மணலைச் சலித்துப் போடலாம் என்று நினைக்காதீர்கள். அதற்கென்று தரம் பிரித்த சிலிக்கா மணல் மூட்டையாகக் கிடைக்கிறது. நடுக்குழாயின் வாயைப் பிளாஸ்டிக் பையால் கட்டி, பாதித் தொட்டிக்குத் தண்ணீர் விட்டு, அதன் பிறகு மணலை மெல்லச் சரியுங்கள். இல்லையென்றால் அடியில் உள்ள சீப்புக் குழாய்கள் உடையும். முதல் ஓட்டம் பேக்வாஷிலேயே தொடங்க வேண்டும். அன்று சுத்தமாக இருக்கும்போது கேஜ் காட்டும் அளவைச் சுவரில் எழுதி வையுங்கள். அதற்கு மேல் அரைக் கிலோவுக்குச் சற்றுக் கூடினால் அடுத்த பேக்வாஷ். மல்ட்டிபோர்ட் கைப்பிடியை மோட்டார் ஓடும்போது திருப்பினால் உள்ளே இருக்கும் கேஸ்கெட் கிழியும். நான் மாற்றிக் கொடுத்த கேஸ்கெட்டுகளில் பெரும்பாலானவை அப்படிக் கிழிந்தவைதான்.

வயர்மேன்_மேலூர்

குழாய் வேலை உங்களுடையதாக இருக்கட்டும் ஐயா. மின்வேலையை உரிமம் உள்ளவரிடம் விடுங்கள். அவரிடம் நீங்கள் கேட்டு வாங்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். பம்புக்குத் தனி லைன், அதில் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் சாதனம்); குளத்து விளக்கு 12 வோல்ட், அதன் டிரான்ஸ்ஃபார்மர் பம்பு அறையில். குளத்தின் விளிம்பிலிருந்து மூன்றரை மீட்டருக்குள் சாதாரண பிளக் பாயின்ட் எதுவும் வேண்டாம். ஏணி, கைப்பிடி, கான்கிரீட் கம்பி எல்லாவற்றையும் ஒரே செம்புக் கம்பியால் பிணைக்க வேண்டும். கரிசலில் எர்த் குழி மழைக்காலத்தில் அருமையாக இருக்கும்; கோடையில் மண் கம்பியை விட்டு விலகி நிற்பதால் பங்குனி தொடங்கி வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள்.

தோட்டத்து இலவச விவசாய இணைப்பிலிருந்து இந்தப் பம்பை ஓட்டக் கூடாது. வீட்டு இணைப்பிலிருந்தே எடுங்கள்; அரை எச்.பி. ஆறு மணி நேரம் ஓடினாலும் நாளுக்கு மூன்று யூனிட் அளவில்தான் வரும்.

கரிசல்காட்டான்

எல்லோருக்கும் நன்றி. பதில்களைப் படித்த மறுநாளே வெர்னியரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒப்பந்தக்காரர் பதித்த ஸ்கிம்மர் வாய் 60.3, ரிட்டர்ன்கள் இரண்டும் 50. ஒரே குளத்தில் இரண்டு கணக்கு! மெயின் டிரெய்னை அடைத்துவிட முடிவு செய்துவிட்டேன். மைத்துனரின் பம்பு திரும்பிப் போய்விட்டது, அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஒரு சந்தேகம் மட்டும் மீதி இருக்கிறது: 1800 டி.டி.எஸ். தண்ணீரை அப்படியே நிரப்பலாமா?

பம்புரூம்வாசி

நிரப்பலாம், ஆனால் கடினத்தன்மையைத் தனியாகச் சோதித்துப் பாருங்கள்; டி.டி.எஸ். எண் அதைச் சொல்லாது. சுண்ணாம்பு கூடுதலாக இருந்தால் டைல்ஸ் ஓரத்தில் வெள்ளைக் கோடு படியும், மணல் கட்டி தட்டும். நல்ல தண்ணீர் லாரி கிடைத்தால் பாதிக்குப் பாதி கலந்து நிரப்புங்கள். பிளீச்சிங் பவுடர் வகைக் குளோரின் மேலும் சுண்ணாம்பைச் சேர்க்கும் என்பதால் உங்களுக்குத் திரவக் குளோரினே (சோடியம் ஹைப்போகுளோரைட்) பொருந்தும், பி.எச். 7.2 முதல் 7.6, குளோரின் 1 முதல் 3 பி.பி.எம். இருக்கட்டும். இரண்டு வகைக் குளோரினை ஒரே வாளியில் கலக்காதீர்கள், தீப்பிடிக்கும். ஆசிட்டையும் குளோரினையும் பம்பு அறையில் வைக்காதீர்கள். அந்த ஆவியில் ஒரே ஆண்டில் மோட்டார் துருவேறிவிடும். ஸ்கிம்மருக்கு 60.3 சாக்கெட்டிலிருந்து 63க்கு மாறும் அடாப்டர் கிடைக்கும், அதை வாங்கிவிட்டுப் பள்ளம் தோண்டுங்கள்.