கேபிள் டிவி வயரில் பாடக் கோப்புகளை வீட்டுக்கு அனுப்ப முடியுமா?

பென்னாகரம் டீச்சர்:
வணக்கம். பென்னாகரம் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணினி ஆசிரியை நான். எங்கள் பிள்ளைகள் வீடுகளில் டவர் சரியாக எடுக்காது. மொட்டை மாடிக்கு ஏறினால்தான் ஒரு வீடியோ இறங்கும். ஆனால் தெருவுக்குத் தெரு கேபிள் வயர் போகிறது. சில வீடுகளில் அண்ணனோ அக்காவோ வாங்கிய அரசு மடிக்கணினியும் இருக்கிறது. பாடக் குறிப்பு, பைத்தான் என்ற நிரல்மொழியை நிறுவும் கோப்பு போன்றவற்றை அந்த வயரிலேயே அனுப்ப வழி உண்டா? மாதாமாதம் பிராட்பேண்ட் கட்டணம் கட்ட முடியாத வீடுகள் இவை.

ஓசூர் நிரலாளர்:
உண்டு டீச்சர், வெளிநாட்டில் செய்தே காட்டியிருக்கிறார்கள். கனடாவின் ஒட்டாவாவில் 1983ல் நாபு என்ற நிறுவனம் கேபிள் வழியாக வீட்டுக் கணினிகளுக்கு மென்பொருள் அனுப்பியது. அமெரிக்காவில் 1994 முதல் 1998 வரை சேகா சேனல் இதே வழியில் வீடியோ கேம்களை இறக்கித் தந்தது. அன்றைய கேபிள் ஒருவழிப் பாதை, வீட்டிலிருந்து எதையும் கேட்க முடியாது. அதனால் எல்லாக் கோப்புகளையும் திரும்பத் திரும்பச் சுற்றில் விட்டார்கள். டவுன் பஸ் மாதிரிதான். கூப்பிட்டால் வராது, சுற்றி வரும்போது ஏறிக்கொள்ள வேண்டும்.

காவேரிப்பட்டணம் கேபிள்காரர்:
டீச்சர், அனலாக் காலத்திலிருந்து லைன் வேலை பார்க்கிறேன். வயர் நிச்சயம் தாங்கும். ஒரு 8 மெகாஹெர்ட்ஸ் சேனலில் 64 குவாம் என்ற டிஜிட்டல் அனுப்பு முறையில் நொடிக்குச் சுமார் 38 மெகாபிட் போகும். ஒரு ஜிபி பாடம் நாலு நிமிடத்துக்குள் ஒரு சுற்று முடித்துவிடும். பத்து வீடு எடுத்தாலும் ஆயிரம் வீடு எடுத்தாலும் வேகம் குறையாது. ஏழைப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தெரியவில்லை.

வீட்டிலிருந்து எங்கள் பக்கம் திரும்பி வரும் பாதைதான் சிக்கல். கேபிள் மோடத்துக்கான டாக்சிஸ் தரம் 1997லேயே வந்துவிட்டது. ஆனால் அதற்கு வழியெல்லாம் இரண்டு திசையிலும் சிக்னலைப் பெருக்கித் தரும் ஆம்ப்ளிஃபையர் வேண்டும். வீடுகளிலிருந்து மேலே வரும் சிக்னல் 5 மெகாஹெர்ட்ஸில் தொடங்கும் கீழ் அலைவரிசையில்தான் வரும். ஒவ்வொரு வீட்டின் இரைச்சலும் அங்கே ஒன்றுசேரும். ஒரு வீட்டில் கனெக்டர் போடாமல் டேப் சுற்றி விட்ட ஜாயின்ட் இருந்தால் போதும், தெருவே திணறும். உங்கள் தேவைக்கு அந்தப் பாதையே வேண்டாம் என்பது நல்ல விஷயம்.

அப்புறம், வயரைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. முன்பு எங்கள் கண்ட்ரோல் ரூமிலேயே மாடுலேட்டர், அதாவது வீடியோவைச் சேனலாக்கி வயரில் ஏற்றும் கருவி இருந்தது. ஊர்த் திருவிழாவை நாங்களே ஒரு சேனலில் விடுவோம். டிஜிட்டல் ஆனபின் சிக்னல் பெரிய நிறுவனத்தின் ஹெட்எண்ட் என்ற தலைமை நிலையத்திலிருந்து பூட்டப்பட்டு வருகிறது. உள்ளூர் ஆபரேட்டர் பகிர்ந்து தருவதோடு சரி. ஒரு சேனல் இடத்தை அவர்கள்தான் ஒதுக்க வேண்டும். 2019ல் கல்வித் தொலைக்காட்சிக்கு இடம் கிடைத்ததே, கோப்புகளுக்கும் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். வீட்டில் செட்டாப் பாக்ஸ் இதற்கு உதவாது. மடிக்கணினியில் டிவிபி-சி டியூனர், அதாவது டிஜிட்டல் கேபிள் சிக்னலை வாங்கும் சின்னக் கருவி ஒன்றைச் செருக வேண்டும்.

பென்னாகரம் டீச்சர்:
ரொம்ப நன்றி அண்ணா. எங்கள் தெருவில் புதிதாக ஒரு மெல்லிய கறுப்பு வயர் இழுத்திருக்கிறார்கள். சில வீடுகளில் விளக்கு எரியும் சின்னப் பெட்டியும் வைத்திருக்கிறார்கள். அது ஃபைபரா?

காவேரிப்பட்டணம் கேபிள்காரர்:
ஃபைபராகத்தான் இருக்கும். அப்படியானால் வேலை பாதி முடிந்தது. ஒரே இழையில் 1550 நானோமீட்டர் அலைநீள ஒளியில் டிவி, 1490ல் வீட்டுக்கு வரும் டேட்டா, 1310ல் வீட்டிலிருந்து போகும் டேட்டா என்று மூன்றும் ஓடும். ஆபரேட்டர் அறையில் ஒரு கணினியில் உங்கள் கோப்புகளை வைத்தால், இன்டர்நெட் பக்கம் போகாமலே அந்த வீடுகளுக்கு வந்துவிடும். ஆபரேட்டரும் அவருக்கு இணைப்புத் தரும் நிறுவனமும் ஒத்துக்கொள்ள வேண்டும். பெட்டியில் கணினி வயரைச் செருகும் லேன் போர்ட் உள்ள வீடுகள் எவை, டிவிக்கு மட்டும் வைத்த வீடுகள் எவை என்று பிள்ளைகளையே எழுதி வரச் சொல்லுங்கள். அந்தக் கணக்கோடு ஆபரேட்டரைப் பாருங்கள்.