மறு: பிரைமிங் – தமிழில் என்ன சொல்வது?

அனைவருக்கும் வணக்கம்.

திங்கட்கிழமை இரண்டாமாண்டு உளவியல் வகுப்பு. முன்னால் கண்ட ஒரு சொல், தொடர்புடைய அடுத்த சொல்லை மனதில் சட்டென்று எழச் செய்வதை உளவியலில் பிரைமிங் (priming) என்கிறோம்; அதற்குத் தமிழ்ச் சொல் இன்னும் முடிவாகவில்லை. அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> முன்தூண்டல் போதுமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் தப்பாகப் புரியும். தூண்டல் என்றதும் பிள்ளைகளுக்குப் பள்ளியில் படித்த தொட்டாற்சிணுங்கிதான் நினைவுக்கு வரும்: வெளியிலிருந்து ஒன்று படுகிறது, உடனே துலங்கல். இங்கே நடப்பது வேறு. 1971இல் உளவியலாளர்கள் மேயரும் ஷ்வானவெல்ட்டும் செய்த சோதனையில், 'செவிலி–வெண்ணெய்' என்ற இணையைவிட 'ரொட்டி–வெண்ணெய்' என்ற இணையை "இரண்டும் சொல்தான்" என்று விரைவாகக் கண்டுகொண்டார்கள். ரொட்டியே வெண்ணெயைப் பாதி எழுப்பி வைத்துவிட்டது. அதனால்தான் 'உசுப்பல்' என்கிறேன்.

> உசுப்பல் கொச்சை. உசுப்பேற்றுவது சண்டை மூட்டுவதல்லவா?

விடியற்காலையில் எங்கள் வீட்டில் "அவனை உசுப்பிவிடு" என்றால் எழுப்பிவிடு என்றுதான் பொருள். சண்டை பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

'தூண்டு சுடரனைய சோதி கண்டாய்' என்ற அப்பர் அடியைக் காட்டி, தூண்டுதல் என்றாலே திரியை மேலேற்றுவதுதான் என்று இங்கே ஓர் அம்மா எழுதியிருந்தார்கள். அருமையான பொருத்தம்: விளக்கு ஏற்கெனவே எரிகிறது, சுடர் மட்டும் உயர்கிறது. ஆனால் இன்று எந்த மாணவர் திரி தூண்டியிருக்கிறார்? அந்தப் படம் மங்கி, பாடநூல் தூண்டல் மட்டும் தங்கிவிட்டது.

சிலேடையில் இரண்டு பொருளும் மனதில் எழுமா என்று கேட்டவருக்கு: 1979இல் உளவியலாளர் ஸ்வின்னி காட்டியது அதைத்தான். இருபொருள் சொல் காதில் விழுந்ததும், சூழல் எப்படியிருந்தாலும், இரண்டு பொருளும் எழுகின்றன. மூன்று அசை தாண்டினால் பொருந்தியது மட்டும் நிற்கிறது. 'சாமிக்கு மாலை வாங்கினான்' என்று கேட்கும்போதும் அந்திப்பொழுது ஒரு கணம் எட்டிப்பார்த்துவிட்டுப் போகும் என்று நினைக்கிறேன். எழுந்தது மறுபடி படுத்துக்கொள்கிறது. உசுப்பலுக்கு இதுவும் பொருந்துகிறது பாருங்கள்.

எண்ணிப் பார்த்தேன். முன்தூண்டலுக்கு ஐந்து பேர், பிரைமிங் என்றே விடச் சொன்னவர் ஒருவர், உசுப்பலுக்கு என்னோடு இரண்டு பேர். சரி, ஸ்லைடில் முன்தூண்டல் என்றே போடுகிறேன். வாயால் உசுப்பல் என்றுதான் சொல்வேன். எது பிள்ளைகளின் நோட்டில் ஏறியது என்று செவ்வாய்க்கிழமை எழுதுகிறேன்.