சிஆர்பி இறங்கியது, இஎஸ்ஆர் ஏறியது: மகனுக்கு உள்ளே சீழ் பிடிக்கிறதா?

ஏழு வயது மகன் கொய்யா மரத்திலிருந்து விழுந்து இடது முழங்கைக்குச் சற்று மேலே எலும்பை முறித்துக்கொண்டான். அன்றிரவே இரண்டு கம்பி வைத்து மாவுக்கட்டுப் போட்டார்கள். உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் இரண்டு ரத்தப் பரிசோதனைகள் எடுத்தார்கள்: இரண்டாம் நாள் சிஆர்பி 46, இஎஸ்ஆர் 24. ஆறாம் நாள் தெருமுனைப் பரிசோதனைக்கூடத்தில் எடுத்தோம்: சிஆர்பி 1.4! மாமியார் பாயசம் வைக்காத குறைதான். ஆனால் அதே தாளில் இஎஸ்ஆர் 52 என்று தடித்த எழுத்தில் முறைக்கிறது. காய்ச்சல் இல்லை. ஒற்றைக் கையாலேயே தம்பியை அடிக்கிறான். மருத்துவரைப் பார்க்க வியாழக்கிழமைதான் நேரம் கிடைத்திருக்கிறது. அதுவரை எனக்குத் தூக்கம் வராது.

பதில் 1
சகோதரி, இருபது வருடமாகப் பரிசோதனைக்கூடத்தில் இருக்கிறேன். முதலில் எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் அலகைப் பாருங்கள். 46 என்பது லிட்டருக்கு மில்லிகிராமாக இருக்கும், 1.4 டெசிலிட்டருக்கு, அதாவது லிட்டரில் பத்தில் ஒரு பங்குக்கு என்றால், அது லிட்டர் கணக்கில் உண்மையில் 14. பாயசம் சற்றுப் பொறுக்கட்டும். ஆனாலும் இறங்குமுகம்தான். கத்தி பட்டதும் கல்லீரல் சிஆர்பி என்ற புரதத்தைக் கொட்டும். இரண்டு மூன்று நாளில் உச்சம். சுரப்பு நின்றால் சுமார் 19 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும். இஎஸ்ஆர் சோம்பேறி. குழாயில் சிவப்பணுக்கள் ஒரு மணி நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர் இறங்குகின்றன என்ற கணக்கு அது. முதல் வாரம் ஏறிக்கொண்டே போகும், இறங்கப் பல வாரம் ஆகும். 52ஐ மட்டும் பார்த்து நான் பயப்பட மாட்டேன். இறங்கிய சிஆர்பி மறுபடி ஏறினால்தான் பயம்.

பதில் 2
என் மகளுக்கு அப்படித்தான் மறுபடி ஏறியது. கம்பியில் சீழ் என்று நாங்கள் அழுதோம், கடைசியில் தொண்டைப்புண்! எங்கே புண் என்று சிஆர்பி சொல்லாது. வலி கூடினாலோ, விரல்கள் வீங்கினாலோ, மாவுக்கட்டிலிருந்து நாற்றம் வந்தாலோ வியாழன் வரை காத்திருக்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்
பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். எறும்பு எழுத்தில் டெசிலிட்டர்தான். வியாழனன்று மருத்துவர் தாளைப் பிறகு பார்க்கலாம் என்று ஓரமாக வைத்துவிட்டு, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாகச் சேர்க்கச் சொன்னார். நரம்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறாராம். சேர்த்தான். கம்பி நுழைந்த இடமும் சுத்தமாக இருந்தது. காய்ச்சல் வந்தால் ஒழிய இனி ரத்தம் எடுக்க வேண்டாம் என்றார். இன்னும் இரண்டு வாரத்தில் கம்பியை உருவப் போகிறார்கள். அது வலிக்குமா என்று இப்போது அவன் கேட்கிறான், யாராவது சொல்லுங்கள்.