ஸ்டான்ட்பையில் ஓட்டும் ரிப்போர்ட் பாதியிலேயே ரத்தாகிறது. என்ன செய்யலாம்?

மணலி யார்டு:
வணக்கம். மணலி புதுநகர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் ஐடி பார்க்கிறேன். எந்தப் பெட்டி எப்போது உள்ளே வந்தது, எந்த டிரெய்லரில் வெளியே போனது என்று கேட்டில் போடுகிற என்ட்ரி எல்லாம் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸின் 15-ஆம் பதிப்பில் ஏறுகிறது. என்ட்ரி ஏறும் பிரைமரி சர்வர் யார்டில், அதன் நகலான ஸ்டான்ட்பை ராயபுரம் ஆபீசில். அசின்க்ரனஸ் ஸ்ட்ரீமிங் ரெப்ளிகேஷன், அதாவது நகல் போய்ச் சேரும்வரை பிரைமரி காத்திருக்காது.

பிரைமரிக்குச் சுமை வேண்டாம் என்று கணக்குப் பிரிவின் ரிப்போர்ட்டுகளை ஸ்டான்ட்பைக்கு மாற்றினோம். காலையில் ஒழுங்காக ஓடுகிறது. சாயங்காலம் துறைமுகத்துக்குப் போகிற லாரிகள் வரிசை கட்டும்போது மாத ரிப்போர்ட்டை ஓட்டினால், ரெக்கவரியோடு (பிரைமரியின் மாற்றங்களை ஸ்டான்ட்பையில் ஏற்றும் வேலை) மோதுவதால் ரத்து என்று பிழை வருகிறது. தலைமை அலுவலகம் வேறு டேட்டா வேர்ஹவுஸுக்கு லாஜிக்கல் ரெப்ளிகேஷன் (ரோ மாற்றங்களை வேறு டேட்டாபேஸுக்கு அனுப்புவது) கேட்கிறது. அதையும் ஸ்டான்ட்பையிலிருந்தே எடுத்துவிடலாமா?

கொருக்குப்பேட்டை:
ஹாட் ஸ்டான்ட்பை ஃபீட்பேக்கை (எந்தப் பழைய ரோ இன்னும் தேவை என்று ஸ்டான்ட்பை பிரைமரிக்குச் சொல்வது) ஆன் பண்ணுங்க பாஸ். சரியாகிவிடும்.

தண்டையார்பேட்டை டிபிஏ:
தம்பி, அவசரப்பட்டு ஆன் பண்ணாதீர்கள். முதலில் ஏன் ரத்தாகிறது என்று பாருங்கள்.

சாயங்காலம் உங்கள் கேட்டில் ஒரே பெட்டியின் நிலை திரும்பத் திரும்ப அப்டேட் ஆகும். ஒவ்வொரு அப்டேட்டும் ஒரு பழைய ரோவை விட்டுவிட்டுப் போகும். பிரைமரியில் வேக்யூம் வந்து அதைத் துடைக்கும். துடைத்த செய்தி வால் (WAL, மாற்றங்களை வரிசையாகப் பதியும் ஃபைல்) வழியாக ராயபுரத்துக்கும் வரும். அங்கே ஓடுகிற ரிப்போர்ட்டுக்கோ அந்தப் பழைய ரோ இன்னும் தேவை. ஸ்டான்ட்பை கொஞ்சம் பொறுத்துப் பார்க்கும், டீஃபால்ட்டாக 30 விநாடி. அதன் பிறகு ரிப்போர்ட்டை வெட்டிவிடும்.

ஃபீட்பேக்கை ஆன் பண்ணினால், ரிப்போர்ட் முடியும்வரை பிரைமரி அந்த ரோக்களைத் துடைக்காது. அதாவது கணக்குப் பிரிவின் நீண்ட குவெரிக்காக கேட்டின் டேபிள் ஊதும். யார்டில் முதலில் ஓட வேண்டியது கேட். அதன் தலையில் இந்தப் பாரத்தை ஏற்றக்கூடாது என்பது என் கட்சி.

இன்னொன்றையும் பாருங்கள். ஸ்டான்ட்பையில் பிஜி ஸ்டாட் டேட்டாபேஸ் கான்ஃப்ளிக்ட்ஸ் என்ற வியூ இருக்கிறது. அதில் ஸ்னாப்ஷாட் எண்ணிக்கை ஏறினால் மேலே சொன்ன கதைதான். லாக் (பூட்டு) எண்ணிக்கை ஏறினால் ஃபீட்பேக் உதவவே உதவாது. வேக்யூம் டேபிளின் கடைசியில் காலியாகக் கிடக்கும் பகுதியை வெட்டும்போது எடுக்கிற எக்ஸ்குளூசிவ் லாக் ஸ்டான்ட்பையிலும் விழும். அதற்கு அந்த டேபிளில் மட்டும் வேக்யூம் டிரன்கேட்டை ஆஃப் பண்ண வேண்டும்.

பொறுக்கிற நேரத்தை 30 விநாடியிலிருந்து கூட்டலாம். ஆனால் அதே ஸ்டான்ட்பைதானே ஆபத்துக்கும் நிற்கிறது? ரிப்போர்ட்டுக்காக ரீப்ளே (வந்த வாலை ஏற்றுவது) நின்றிருக்கும் நேரம் பார்த்து யார்டு சர்வர் விழுந்தால், வந்து சேர்ந்த வால் தொலையாது. ஆனால் தேங்கியதையெல்லாம் ஏற்றி முடித்த பிறகுதான் ராயபுரம் பிரைமரியாகும். அதுவரை லாரிகள் நிற்கும்.

அதனால் ரிப்போர்ட்டுக்குத் தனியாக ஒரு ஸ்டான்ட்பை போடுங்கள். பெரிய மெஷின் வேண்டாம். ராயபுரத்திலேயே இருக்கிற ஸ்டான்ட்பையிலிருந்து கேஸ்கேடிங்காக எடுக்கலாம், 9.2 முதல் அந்த வசதி உண்டு. மணலி லைனில் கூடுதல் டிராஃபிக் வராது. அதில் பொறுக்கிற நேரத்தைத் தாராளமாக வையுங்கள், ஃபீட்பேக் ஆஃபிலேயே இருக்கட்டும். கேஸ்கேடிங்கில் ஃபீட்பேக் மேலே ஏறிப் பிரைமரிவரை போய்விடும்.

மணலி யார்டு:
நன்றி அக்கா. ஏறுவது ஸ்னாப்ஷாட் எண்ணிக்கைதான். அப்புறம் லாஜிக்கல்? கூடவே இன்னொரு சந்தேகம்: ஒரு என்ட்ரிகூடத் தவறக்கூடாது என்றால் சின்க்ரனஸ் (ஸ்டான்ட்பை உறுதி சொன்ன பிறகே என்ட்ரி கமிட் ஆவது) ஆக்கிவிடலாமா?

தண்டையார்பேட்டை டிபிஏ:
ஸ்டான்ட்பையிலிருந்து லாஜிக்கல் டீகோடிங் (லாஜிக்கல் ரெப்ளிகேஷனுக்காக வாலிலிருந்து ரோ மாற்றங்களைப் பிரித்தெடுப்பது) 2023-இல் வந்த 16-இல்தான் தொடங்கியது. 15-இல் பிரைமரியிலிருந்தே எடுக்க வேண்டும். எடுக்கும்போது ஸ்லாட் (பெறும் பக்கமான சப்ஸ்கிரைபர் எதுவரை வாங்கியது என்று பிரைமரி வைக்கும் குறி) மேல் கண் வையுங்கள். வேர்ஹவுஸ் பக்கம் யாராவது சப்ஸ்கிரைபரை நிறுத்திவிட்டுப் போனால், உங்கள் யார்டு டிஸ்க்கில் வால் ஃபைல்கள் 16 எம்பி 16 எம்பியாகச் சேர்ந்துகொண்டே போகும். டிஸ்க் நிரம்பினால் பிரைமரியே நின்றுவிடும். ஸ்லாட்டுக்காக வைத்திருக்கும் வாலுக்கு 13 முதல் உச்சவரம்பு போடலாம், ஆனால் டீஃபால்ட்டில் வரம்பே கிடையாது. இன்றைக்கே போடுங்கள். வரம்பு தாண்டினால் சப்ஸ்கிரைபரை மறுபடி முதலிலிருந்து ஏற்ற வேண்டிவரும், பரவாயில்லை. ஃபெயில்ஓவர் (ஸ்டான்ட்பை பிரைமரியாவது) ஆன பிறகும் லாஜிக்கல் ஸ்லாட் தொடர வேண்டும் என்றால், ஸ்டான்ட்பைக்கு ஸ்லாட்டை சின்க் பண்ணுகிற வசதி 17-இல் இருக்கிறது. மேம்படுத்தும்போது நேராக அங்கே போய்விடுங்கள்.

சின்க்ரனஸ்: ஒரே ஒரு ஸ்டான்ட்பையை வைத்துக்கொண்டு வேண்டாம். மணலிக்கும் ராயபுரத்துக்கும் நடுவே சாலையைத் தோண்டி ஃபைபர் அறுந்தால், பிரைமரி நன்றாக இருந்தும் கமிட் காத்துக்கொண்டே நிற்கும். நேரடியாக இரண்டு ஸ்டான்ட்பை, இரண்டும் வேறு லைனில், அதில் ஏதாவது ஒன்று உறுதி சொன்னால் போதும் என்று வைத்தால் தாங்கும். ரிப்போர்ட்டுக்குப் போடும் கேஸ்கேடிங் ஸ்டான்ட்பை இந்தக் கணக்கில் வராது.

ஸ்டான்ட்பை வேறு ஊர்ப்பக்கம் இருப்பது உங்கள் அமைப்பில் நல்ல விஷயம், அதை மாற்றாதீர்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் மணலி பட்ட பாடு உங்களுக்குத் தெரியும்.

கொருக்குப்பேட்டை:
அக்கா சொன்னதே சரி. தனி பேக்கப்பும் இருக்கிறதா பாஸ்? யாராவது தப்பாக ஒரு டெலீட் அடித்தால், அதுவும் அடுத்த நொடியே ராயபுரத்துக்குப் போய்விடும்.

மணலி யார்டு:
இரவில் டம்ப் மட்டும் எடுக்கிறோம். வால் ஆர்கைவும் சேர்த்து வைக்கச் சொல்லி மேனேஜரிடம் கேட்கிறேன். ஸ்லாட் வரம்பு இன்று சாயங்காலத்துக்குள் போட்டுவிடுவேன்.