சிகாகோ ஹாட் டாக்: பன்னுக்கு ஒரு வழி சொல்லுங்களேன்

சிகாகோ பாணி ஹாட் டாக் வீட்டில் செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? மாட்டிறைச்சி சாசேஜ், மஞ்சள் மஸ்டர்ட், பச்சை ரெலிஷ் (பொடியாக நறுக்கிய இனிப்பு வெள்ளரி ஊறுகாய்), நறுக்கிய வெங்காயம், தக்காளி, நீளவாக்கில் வெட்டிய வெள்ளரி ஊறுகாய் எல்லாம் தயார். கெட்சப் கிடையாது, அந்த ஊரில் அது கிட்டத்தட்டக் குற்றம்!

சிக்கல் பன்னில்தான். கசகசா தூவிய பன் இங்கே கிடைப்பதில்லை. சாதாரண பன்னில் முட்டை வெள்ளைக்கரு தடவி, கசகசா தூவி, சற்று நேரம் ஓவனில் வைத்தால் ஒட்டுமா? அப்புறம் ஆவியில் சூடாக்கும்போது உதிர்ந்துவிடாதா? இட்லிப் பானையில் எத்தனை நிமிடம் வைத்தால் நசநசக்காமல் மெத்தென்று வரும்?

ஸ்போர்ட் பெப்பர் என்கிற குட்டி ஊறுகாய் மிளகாயும் கிடைக்கவில்லை. பச்சை மிளகாயை வினிகரில் ஊறவைத்தால் சரியாக இருக்குமா, காரம் தூக்கலாகிவிடுமா? செலரி உப்பு பிரச்சினை இல்லை. செலரி விதையைப் பொடித்து உப்போடு கலந்துவிட்டேன்.