கிளாஷ் ராயலில் ஹாக் 2.6 டெக் ஆடுகிறேன், ஒரே லாக் பெய்ட் ஆட்டக்காரரிடம் தொடர்ந்து தோல்வி. அவரை எப்படிப் படிப்பது?

மின்மினி_ஹாக் கேட்டது:

கிளாஷ் ராயல் (கார்டுகளை இறக்கி எதிராளியின் டவரை இடிக்கும் கைபேசி ஆட்டம்) ஆடும் அண்ணன்கள், அக்காக்கள் எல்லோருக்கும் வணக்கம். எங்கள் கிளானுக்குள், அதாவது குழுவுக்குள், ஒரு சின்னப் போட்டி நடக்கிறது. மூன்று ஆட்டத்தில் இரண்டு எடுப்பவருக்கு வெற்றி, நடுவில் டெக் (ஆடும் 8 கார்டு) மாற்றக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டத்தில் எனக்கு எதிரே வருபவர் எங்கள் கோ-லீடர். அவரை நான் இதுவரை ஜெயித்ததே இல்லை.

என் டெக் வழக்கமான ஹாக் 2.6 (ஒரு கார்டை இறக்கச் சராசரியாக 2.6 எலிக்சர் செலவு): ஹாக் ரைடர், மஸ்கடியர், ஃபயர்பால், கேனன், ஐஸ் கோலம், லாக், ஐஸ் ஸ்பிரிட், ஸ்கெலிட்டன்ஸ். அவருடையது பழைய லாக் பெய்ட், அதாவது எதிராளியின் லாக்கைச் செலவழிக்க வைத்துவிட்டுப் பேரலால் அடிக்கும் டெக்: கோப்ளின் பேரல், பிரின்சஸ், கோப்ளின் கேங், நைட், இன்ஃபெர்னோ டவர், ராக்கெட், ஐஸ் ஸ்பிரிட், லாக். அந்த 8 கார்டும் எனக்கு மனப்பாடம். நட்பு ஆட்டம் என்பதால் லெவல் வித்தியாசமும் கிடையாது.

ரீப்ளே பார்த்துப் பார்த்து ஒரு நோட்டு நிறைய எழுதி வைத்திருக்கிறேன். "பேரலை வலது டவரில் போட்டார்", "பிரின்சஸைப் பின்னால் வைத்தார்" என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. ஆட்டம் தொடங்கியதும் அதில் ஒன்றும் கைக்கு வருவதில்லை. எதைக் கவனிக்க வேண்டும், எதை விட்டுவிடலாம்? கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

நான்காம்_கார்டு எழுதியது:

தம்பி, நோட்டை வீசிவிடாதே, ஆனால் அதை இரண்டாகப் பிரி. டெக் செய்ய வைப்பது ஒரு பக்கம், அந்த ஆள் தானாகச் செய்வது இன்னொரு பக்கம். நீ எழுதியதில் பாதிக்கு மேல் முதல் வகையாகத்தான் இருக்கும். ஹாக் வரும்போது அதைத் தடுக்க இன்ஃபெர்னோ டவர் வைக்கிறார் என்பது பழக்கமே இல்லை. அந்த டெக்கை யார் கையில் கொடுத்தாலும் அதைத்தான் செய்வார்கள். அதற்கு நோட்டு வேண்டாம், கணக்குப் போதும்.

முதலில் அந்தக் கணக்கைப் பார்ப்போம். ஒரு கார்டை ஆடினால், வேறு 4 கார்டு ஆடிய பிறகுதான் அது கைக்குத் திரும்பும். இன்ஃபெர்னோ டவர் வைத்த பிறகு அவர் எவ்வளவு மலிவாக ஓட்டினாலும் ஐஸ் ஸ்பிரிட் 1, லாக் 2, அப்புறம் இரண்டு 3-எலிக்சர் கார்டு, ஆக 9 எலிக்சர். மறுபடி டவரை வைக்க 5. மொத்தம் 14. ஒற்றை எலிக்சர் நேரத்தில் 2.8 விநாடிக்கு 1 எலிக்சர் ஏறுகிறது, அதாவது ஏறக்குறைய 39 விநாடி. உன் பக்கம் பார். ஸ்கெலிட்டன்ஸ் 1, ஐஸ் ஸ்பிரிட் 1, ஐஸ் கோலம் 2, லாக் 2, மொத்தம் 6, அதோடு ஹாக் 4 சேர்த்தால் 10. அது 28 விநாடி. லாக்கைப் பேரலுக்காகப் பிடித்து வைத்துக்கொண்டு கேனனை ஓட்டினாலும் 11 எலிக்சர்தான், 31 விநாடிக்குள் முடிந்துவிடும். ஆக, இருவரும் சமமாக இருந்தால் உன் இரண்டாவது ஹாக் போகும் நேரத்தில் அவர் கையில் புது டவர் கிடையாது. முதலில் வைத்ததும் அதற்குள் தேய்ந்து போயிருக்கும். இது யாரோடு ஆடினாலும் பொருந்தும். இதை நீ எழுதவே வேண்டாம்.

இனிதான் ஆளைப் பார்க்க வேண்டும். அந்த இரண்டாவது ஹாக்குக்கு அவர் என்ன வைக்கிறார், நைட்டா, கேங்கா? இரண்டுமே சரியான பதில்தான், இரண்டுமே 3 எலிக்சர். இரண்டு நல்ல வழி இருக்கும்போது ஒருவர் எதை எடுக்கிறாரோ அதுதான் பழக்கம். கபடியில் பாடி வருபவர் எந்தக் காலை முதலில் நீட்டுகிறார் என்று கார்னரில் நிற்பவர் பார்த்துக்கொண்டே இருப்பாரே, அந்த மாதிரி. ரீப்ளே பார்க்கும்போது இந்த மாதிரி இடம் வந்தால் மட்டும் நிறுத்து. மற்றதையெல்லாம் ஓடவிடு.

உன் ஆளிடம் நான் பார்க்கச் சொல்வது மூன்று இடம்.

ஒன்று, உன் லாக் போனதைப் பார்த்ததும் அவர் என்ன செய்கிறார் என்பது. லாக் பெய்ட் ஆடுபவர்களில் சிலர் லாக் விழுந்த அடுத்த கணமே பேரலை எறிந்துவிடுவார்கள். சிலர் காத்திருந்து, நீ ஹாக் அனுப்பி எலிக்சர் குறைந்த பிறகு எறிவார்கள். முதல் வகை என்றால் உனக்கு நல்லது, நேரம் அவர் கையில் இல்லை, உன் கையில். கையில் ஐஸ் ஸ்பிரிட்டும் ஸ்கெலிட்டன்ஸும் இருக்கும்போது மட்டும் பிரின்சஸ் மேல் லாக்கைச் செலவிடு. பேரல் தானாக வரும், நீயும் தயாராக இருப்பாய். இரண்டாவது வகை என்றால் பிரின்சஸுக்கு லாக்கைத் தொடவே தொடாதே, ஃபயர்பால் போகட்டும். 4 எலிக்சர் கொடுத்து 3 எலிக்சர் கார்டை அடிப்பது நஷ்டம்தான், ஆனால் லாக் இல்லாமல் ஒரு பேரலை வாங்குவது அதைவிடப் பெரிய நஷ்டம். பக்கத்தில் கேங்கும் சேர்ந்து நின்றால் ஃபயர்பாலுக்கு நஷ்டமே இல்லை.

இரண்டு, எலிக்சர் 10 நிரம்பியதும் அவர் எந்தக் கார்டைப் போடுகிறார் என்பது. நிரம்பிய பிறகு வருவதெல்லாம் வீண். அதனால் எல்லோருமே ஏதாவது ஒன்றைப் போட்டுத்தான் ஆக வேண்டும். அந்த நேரத்தில் பின்னால் பிரின்சஸ் வைப்பவரா, பாலத்தில் நைட்டை விடுபவரா, இல்லை நீ முதலில் ஆடட்டும் என்று எலிக்சர் வழிந்தாலும் பரவாயில்லை என இருப்பவரா? ஆட்டத்தின் முதல் சில விநாடியிலேயே இது தெரிந்துவிடும், மூன்று ஆட்டத்திலும் அநேகமாக மாறாது.

மூன்று, ராக்கெட். இதைத்தான் நான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாக எண்ணுகிறேன். அவர் ராக்கெட்டை டவருக்கு மட்டும் வைத்திருக்கிறாரா, இல்லை டவருக்குப் பக்கத்தில் மஸ்கடியர் நின்றால் இரண்டையும் சேர்த்து அடிக்கிறாரா? இரண்டாவது என்றால், மஸ்கடியரை எங்கே வைக்கிறாய் என்பதை வைத்தே அவரை ராக்கெட் போட வைக்கலாம். ராக்கெட் 6 எலிக்சர். நிரம்பிய நிலையில் போட்டாலும் கையில் மிச்சம் 4. இன்ஃபெர்னோவுக்கு 5 வேண்டும். ராக்கெட் கிளம்புவதைப் பார்த்ததும் ஹாக்கை விடு, அது விழும்வரை காத்திருக்காதே.

எலிக்சர் எண்ணுவது பற்றி ஒன்று. அவரிடம் எத்தனை இருக்கிறது என்று முழுசாக எண்ணப் போனால் ஆட்டம் கெட்டுவிடும். இருவருக்கும் ஒரே வேகத்தில்தான் ஏறுகிறது, ஆகவே வித்தியாசத்தை மட்டும் மனதில் வை. அவர் கேங் போட்டு நீ லாக்கால் முடித்தால், உனக்கு ஒன்று கூடுதல். அவ்வளவுதான். யாராவது நிரம்பிய நிலையில் சும்மா இருந்தால் அங்கே மட்டும் திருத்திக்கொள்.

கடைசியாக, ஊகத்தில் கார்டு போடுவது. பேரல் இங்கேதான் வரும் என்று முன்கூட்டியே லாக் விட்டுத் தவறினால் போவது 2 எலிக்சர், 5.6 விநாடியில் மீண்டுவிடும். ஃபயர்பாலை அப்படி விட்டால் 11 விநாடிக்கு மேல், அதற்குள் அவர் இன்னொரு தாக்குதல் கட்டிவிடுவார். ரீப்ளேயில் எவ்வளவு தெளிவாகத் தெரிந்த பழக்கமானாலும் சரி, அதன்மேல் 2 எலிக்சருக்கு மேல் வைக்காதே.

பிரின்சஸ்_ரசிகை எழுதியது:

நான் லாக் பெய்ட்தான் ஆடுகிறேன், அதனால் எதிர்ப்பக்கத்தில் இருந்து சொல்கிறேன். உங்கள் கோ-லீடரும் உங்களைப் படித்துக்கொண்டுதான் இருப்பார்.

ஹாக் 2.6 ஆடுபவர் எதிரே வந்தால் என் முதல் பேரல் டவரை அடிப்பதற்காக அல்ல. எதிரே இருப்பவர் லாக்கை முன்கூட்டியே விடுகிறாரா, கோப்ளின்கள் இறங்கிய பிறகு விடுகிறாரா என்று பார்க்கத்தான் எறிகிறேன். 3 எலிக்சர் கொடுத்து அதைத் தெரிந்துகொண்டால் எனக்கு லாபம்தான். முன்கூட்டியே விடுபவர் என்றால் அடுத்த பேரலைச் சற்றுத் தள்ளி, டவரின் பின்புறமாக எறிவேன். நேராக வரும் என்று நினைத்து விட்ட லாக் முழுதாகப் பிடிக்காது, எஞ்சிய கோப்ளின் குத்தும்.

ஆகவே முதல் ஆட்டத்தில் ஒரே மாதிரி லாக் விடாதீர்கள். அதைவிட முக்கியம், முதல் ஆட்டத்தில் நீங்கள் பார்த்ததை இரண்டாவதில் முழுசாக நம்பாதீர்கள். நான் முதல் ஆட்டத்தில் வேண்டுமென்றே எப்போதும் ஒரே டவருக்கே பேரல் எறிவேன், தீர்மான ஆட்டத்தில் மாற்றுவதற்காக. ஆனால் இப்படி நடிக்க நேரம் இருப்பது ஒற்றை எலிக்சர் நேரத்தில் மட்டும்தான். கடைசி நிமிடத்தில் எலிக்சர் இரட்டிப்பு வேகத்தில் ஏறும்போது கை பழகியதையே செய்யும். யாருடைய ரீப்ளேவானாலும் நான் கடைசி நிமிடத்தை முதலில் பார்ப்பது இதனால்தான்.

இன்னொன்று, இது ஞாயிற்றுக்கிழமைக்கு உதவாது, கிளான் வாருக்கு உதவும். அதில் வரும் டூயலில், அதாவது ஒரே எதிராளியோடு வரிசையாக ஆடும் போட்டியில், ஒருவரின் 4 டெக்கிலும் ஒரே கார்டு இரண்டு முறை வரக்கூடாது. முதல் ஆட்டத்தில் எதிராளி லாக் காட்டிவிட்டால் அடுத்த ஆட்டத்தில் அவரிடம் லாக் கிடையாது, ஸாப், ஸ்னோபால், பார்பேரியன் பேரல் மாதிரி வேறு ஏதாவதுதான் இருக்க முடியும். முதல் ஆட்டத்தில் கண்ட 8 கார்டையும் ஒரு தாளில் எழுதி வைத்தால், அடுத்த ஆட்டத்தில் எதற்கெல்லாம் பயப்பட வேண்டாம் என்பது தொடங்கும் முன்னரே தெரிந்துவிடும்.

மூன்றாம்_மனா எழுதியது:

ஹார்த்ஸ்டோன் என்ற இன்னொரு கார்டு ஆட்டம் ஆடுபவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. அங்கே நேரம் நிறைய இருக்கும், அதனால் ஆளைப் படிப்பது ஆட்டத்திலேயே பெரிய பங்கு. புதிதாக எடுக்கும் கார்டு எப்போதும் கையின் வலப்பக்கம் சேரும். தொடக்கத்தில் எதிராளி எத்தனை கார்டை மாற்றினார் என்பதும் தெரியும். தொடக்கத்திலேயே வைத்துக்கொண்ட ஒரு கார்டு ஏழாவது சுற்று வரை இடக்கோடியில் அசையாமல் இருந்தால், அது எதற்கோ காத்திருக்கும் கார்டு என்று புரிந்துகொள்ளலாம். 2018-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இ-ஸ்போர்ட்ஸ் காட்சிப் போட்டியாக நடந்தபோது தீர்த் மேத்தா ஹார்த்ஸ்டோனில் இந்தியாவுக்கு வெண்கலம் எடுத்தார். இந்த ஆட்டங்களில் நம் ஆட்கள் மேலே போக முடியும் என்று அப்போதுதான் எனக்கு முழு நம்பிக்கை வந்தது.

உங்கள் ஆட்டத்தில் எதிராளியின் கை தெரியாது, ஆனால் அவர் ஆடாமல் வைத்திருக்கும் கார்டை எண்ணலாம். ராக்கெட் ஒரு நிமிடமாக வரவில்லை என்றால் அது கையில் உட்கார்ந்து ஓர் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. கையில் மீதமுள்ள 3 இடத்தை வைத்துத்தான் அவர் மற்ற கார்டுகளைச் சுழற்றிக்கொண்டிருக்கிறார்.

மின்மினி_ஹாக் எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அண்ணா சொன்ன மாதிரி ரீப்ளேக்களை மறுபடி பார்த்தேன். லாக் போனதும் அவர் உடனே பேரல் எறிவதில்லை, காத்திருக்கிறார். இன்ஃபெர்னோ இல்லாதபோது ஹாக் தனியாக வந்தால் பெரும்பாலும் நைட். ஐஸ் கோலமை முன்னால் விட்டு ஹாக் அனுப்பினால் கேங். இதை வைத்து என்ன செய்யலாம்?

நான்காம்_கார்டு எழுதியது:

அருமை தம்பி, இப்படித்தான் பார்க்க வேண்டும். ஐஸ் கோலம் வந்தால் கேங் வரும் என்று தெரிந்துவிட்டதால், ஹாக்கோடு லாக்கையும் விட்டால் கேங் நிற்காது. ஆனால் செலவைக் கூட்டிப் பார்: 2, 4, 2, மொத்தம் 8. அவர் செலவு 3. அதுவும் காத்திருந்து பேரல் எறிபவர் என்கிறாய், லாக்கும் எலிக்சரும் இல்லாத அந்த நேரத்துக்காகத்தான் அவர் காத்திருக்கிறார். அதனால் முதல் இரண்டு நிமிடத்தில் இதைச் செய்யாதே. ஹாக்கைத் தனியாக அனுப்பு, நைட் வரட்டும், கிடைக்கும் ஓரிரு அடியை வாங்கிக்கொண்டு பேரலுக்கு லாக்கைப் பிடித்து வை. இரட்டிப்பு எலிக்சர் தொடங்கி, அவர் ராக்கெட் போட்டதும், ஐஸ் கோலம், ஹாக், லாக் மூன்றையும் சேர்த்து விடு. அந்த நேரத்தில் அவரிடம் பேரல் எறிய 3 எலிக்சர் இருந்தாலும், உன் ஹாக்கை நிறுத்த மிச்சம் இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை முதல் ஆட்டம் முடிந்ததும், இரண்டாவதற்குப் போகும் முன் அவர் ராக்கெட்டை எங்கே போட்டார் என்று மட்டும் இங்கே எழுது. நான் ஆன்லைனில் இருப்பேன்.